குளிர்ந்த குழலின் முதல் குண்டு: ரூகர் அமெரிக்கன் ரைஃபிளுடன் சில வேட்டைப் பருவங்கள்

பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளில், பாட்டர், டியோகா கவுண்டிகளின் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டைக்குச் செல்பவருக்கு ரைஃபிள் தேர்வில் பாதி முடிவை மாநிலச் சட்டமே எடுத்துவிடுகிறது. மான் வேட்டைக்கு அரைத்தானியங்கி ரைஃபிள்களை (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தாமே ஏற்றிக்கொள்பவை) இங்கே பயன்படுத்தக் கூடாது. எஞ்சியவற்றுள் குறைந்த விலைக்கு அதிகத் துல்லியம் தருவது, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துத் தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் என்பதால் பெரும்பாலானவர்கள் அதையே நாடுகிறார்கள். நானும் அதையே தேர்ந்தெடுத்தேன். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான முதல் தலைமுறை ரூகர் அமெரிக்கன் ரைஃபிளைப் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய மாதத்தில் எழுதப்படும் மதிப்புரைகள் பெட்டியைத் திறந்த மகிழ்ச்சியையும் முதல் நாள் இலக்குத் தாளையும் மட்டுமே காட்டுகின்றன. மழை, பனி, வெப்பம், வண்டிப் பயணம் எல்லாவற்றுக்கும் பிறகும் அதே ரைஃபிள் அதே இடத்தில் சுடுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

முதலில், எவ்வளவு துல்லியம் தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். துப்பாக்கி உலகில் துல்லியத்தை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவால் குறிப்பிடுகிறார்கள். 100 கெஜத் தொலைவில் ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஓர் அங்குலத்தைவிடச் சற்றே அதிகம். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டத்துக்குள் அடங்கும். இரண்டு எம்.ஓ.ஏ. அளவுக்குக் குண்டுகளைச் சிதறவிடும் ரைஃபிள்கூட 200 கெஜத்தில் அந்த வட்டத்தின் ஏறத்தாழப் பாதி அகலத்துக்குள்ளேயே நிற்கும். எங்கள் பகுதியின் பீச், மேப்பிள், ஹெம்லாக் மரங்களுக்கிடையே 200 கெஜம் தெளிவாகத் தெரியும் இடமே அரிது. நான் சுட்ட மான்களில் பெரும்பாலானவை 100 கெஜத்துக்கு உட்பட்டவை. ஆகவே அரை அங்குலக் குழுவை (குண்டுத் துளைகள் அனைத்தும் அரை அங்குலத்துக்குள் அடங்குவதை) தேடிப் பணத்தைச் செலவழிப்பதைவிட, எந்த நாளிலும் முதல் குண்டு நினைத்த இடத்தில் விழும் ரைஃபிளைத் தேடுவதே சரியானது என்பது என் உறுதியான கருத்து. காட்டில் மானுக்குச் செல்லும் குண்டு, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த குழலிலிருந்து செல்லும் முதல் குண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் வாய்ப்பு கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டிய தேவையும் இருக்கக் கூடாது.

விலை குறைந்த ரைஃபிள் துல்லியமாகச் சுடாது என்ற பழைய நம்பிக்கைக்கு இன்று அடிப்படை இல்லை. 1958இல் வந்த சாவேஜ் 110, குழலை ஒரு திருகு வளையத்தால், போல்ட் இயங்கும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனுடன் இறுக்கும் முறையைக் கொண்டிருந்தது. தோட்டா அமரும் அறையின் ஆழத்தைத் துல்லியமாக அமைக்கும் வேலை அதனால் எளிதாயிற்று. திறமையான கைவினைஞர் மணிக்கணக்கில் செய்ய வேண்டியிருந்ததைத் தொழிற்சாலை குறைந்த செலவில் செய்ய முடிந்தது. 2000களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் அறிமுகப்படுத்திய அக்யூட்ரிகர், இலேசான, பாதுகாப்பான விசையை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் ட்ரிகரை) எளிய விலை ரைஃபிள்களுக்கும் கொண்டுவந்து, மற்ற நிறுவனங்களையும் அந்த வழியில் செல்ல வைத்தது. கணினி கட்டுப்படுத்தும் எந்திரங்களும் குளிர் நிலையில் சுத்தியலால் அடித்து உருவாக்கும் குழல்களும் எஞ்சியதைச் செய்தன. 2012இல் ரூகர் அமெரிக்கன் விற்பனைக்கு வந்தபோது அதன் பட்டியல் விலை 449 டாலர். அந்த விலையில் சுத்தியலால் அடித்த குழல், மூன்று பூட்டுப் பற்கள் கொண்ட போல்ட், வாங்கியவரே சரிசெய்துகொள்ளக்கூடிய விசை, ஆக்‌ஷனைத் தாங்கிக் குழலைக் கட்டையில் (கையால் பிடித்துத் தோளில் வைக்கும் உடற்பகுதியில்) படாமல் நிறுத்தும் எஃகுத் தாங்கிகள் ஆகிய அனைத்தும் இருந்தன.

வாங்குவதற்கு முன் கடையில் சாவேஜ் ஆக்ஸிஸ், டிக்கா டி3எக்ஸ், வெதர்பி வேன்கார்ட் ஆகிய மூன்றையும் தோளில் வைத்துப் பார்த்தேன். பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாகோ தொழிற்சாலையில் உருவாகும் டிக்காவின் போல்ட் வழுவழுப்பாக நகர்வதை அந்த விலையில் வேறெதிலும் நான் உணர்ந்ததில்லை. விலை ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் மட்டுமே அதை விட்டேன். பணம் தடையில்லை என்பவருக்கு இன்றும் டிக்காவையே சொல்வேன். ஜப்பானின் ஹோவா நிறுவனம் வெதர்பிக்காகத் தயாரிக்கும் வேன்கார்ட் உறுதியானது. ஆனால் நாள் முழுவதும் மலையேறும் என் வேட்டை முறைக்கு அதன் எடை அதிகம். ஆக்ஸிஸ் மூன்றிலும் மலிவானது. ரூகரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மூன்று கிலோவுக்குக் குறைவான அதன் எடையும், 70 பாகை மட்டுமே உயரும் போல்ட் கைப்பிடியும். அந்தச் சிறிய கோணத்தால், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்தினாலும் தடித்த கையுறை அணிந்த கை அதில் மோதுவதில்லை. குறுகிய கோணத்துக்குள்ளேயே, தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசியின் சுருள்வில்லை அழுத்த வேண்டியிருப்பதால் மூன்று பல் போல்ட்டுகளைத் தூக்கச் சற்றுக் கூடுதல் பலம் தேவைப்படும். புதியதில் இது தெரிந்தது, காலப்போக்கில் உராய்ந்து மென்மையாகிவிட்டது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஒவ்வொரு முறை சுடுகளத்துக்குச் செல்லும்போதும், முதலில் சுடும் ஒரே ஒரு குண்டுக்கென்று ஒரு தனித் தாளை வைத்திருக்கிறேன். அதே தாளை மறுமுறையும் எடுத்துச் சென்று, அதே புள்ளியைக் குறிவைத்து, மீண்டும் குளிர்ந்த குழலிலிருந்து ஒரு குண்டை மட்டும் சுடுகிறேன். மாதங்கள் கடந்து, கோடையிலும் உறைபனியிலும் விழுந்த துளைகள் அந்தத் தாளில் சேர்கின்றன. ஒரே அமர்வில் தொடர்ந்து சுடும் மூன்று குண்டுக் குழு இந்த ரைஃபிளில் பெரும்பாலும் ஓர் அங்குலத்தைச் சுற்றி அமைகிறது. குளிர்ந்த முதல் குண்டுகள் சேர்ந்த தாளில் குழு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டாவது அளவே உண்மையான வேட்டைத் துல்லியம். ரைஃபிள், ஸ்கோப், தோட்டா, வானிலை, சுடுபவரின் உடல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கியிருக்கின்றன. மூன்று குண்டுகளில் சிறந்த ஒரு குழுவைப் படமெடுத்துக் காட்டுவது ஒரு ரைஃபிளைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். அடுத்த மூன்று அதைவிட இரண்டு மடங்கு விரிவது தற்செயலின் இயல்பு.

மெல்லிய வேட்டைக் குழல்கள் விரைவில் சூடாகும். நான்காவது, ஐந்தாவது குண்டுக்குள் குழலைத் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏறுவதும், ஸ்கோப்புக்கு முன்னே எழும் அனல் இலக்கை அசைத்துக் காட்டுவதும் இந்த எடைப் பிரிவு முழுவதற்கும் பொதுவானவை. சுடுகளத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு பெட்டியைக் காலி செய்ய விரும்புபவர் தடித்த குழல் உள்ள வேறொன்றை வாங்க வேண்டும்.

இந்த விலையில் நிறுவனங்கள் சிக்கனம் பிடிக்கும் இடம் கட்டைதான். அச்சில் வார்த்த பாலிமர்க் கட்டைகளின் முன்பகுதி வளையும் தன்மை கொண்டது. முன்நுனியில் இருகால் தாங்கியைப் பொருத்தி உடல் எடையைச் சாய்த்தாலோ, தோள்வாரை இறுக்கி இழுத்தாலோ, கட்டை வளைந்து குழலைத் தொடக்கூடும்; தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே விட்டு, ஆக்‌ஷன் வரை தடையின்றிச் செல்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. அதைக் கட்டையை அழுத்திப் பிடித்தபடியே செய்து பார்க்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான் இருகால் தாங்கி வைப்பதில்லை. முதுகுப்பையின் மேல் ரைஃபிளை வைத்துச் சுடுவதானால், தோட்டாக்கள் அடங்கிய மேகசினுக்குச் சற்று முன்னால், கட்டை கனமாக இருக்கும் இடத்தைப் பையின் மீது அமர்த்துகிறேன். கட்டையை ஆக்‌ஷனுடன் இணைக்கும் திருகுகளைக் கையேடு சொல்லும் முறுக்கு அளவுக்கே இறுக்குவதும், பருவத்துக்கு ஒரு முறை அவற்றைச் சரிபார்ப்பதும் கட்டாயம். குழு திடீரென்று விரியும்போது பலர் தோட்டாவை மாற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை இந்தத் திருகுகள்.

விசையைப் பொறுத்தவரை, மூன்று முதல் ஐந்து பவுண்டு வரை சரிசெய்யலாம் என்று ரூகர் தருகிறது. நான் மூன்றுக்குச் சற்று மேலே வைத்திருக்கிறேன். கையுறையுடன் சுடும் குளிர்நாட்டு வேட்டையில் இதைவிட இலேசான விசை பாதுகாப்பானதன்று. முதல் தலைமுறையின் பாதுகாப்புப் பொத்தான் கட்டைவிரலுக்கு நேரே மேற்புறம் இருப்பதும், அது பூட்டிய நிலையிலேயே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்க முடிவதும் எனக்குப் பெரிய ஆறுதல். மாலையில், விரைத்த விரல்களால் துப்பாக்கியை வெறுமையாக்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும். போல்ட்டைப் பூட்டாத இந்த அமைப்பால் புதருக்குள் நடக்கும்போது கைப்பிடி கிளையில் மாட்டி எழ வாய்ப்புண்டு. ஆகவே நடக்கையில் அதன் மீது ஒரு கை வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லது. இரண்டாம் தலைமுறையில் மூன்று நிலைப் பொத்தான் வந்து இரு தேவைகளையும் நிறைவு செய்கிறது.

தோட்டா பற்றிய விவாதத்தை நீட்ட விரும்பவில்லை. 1952 முதல் விற்பனையில் உள்ள .308, எங்கள் மலையடிவாரத்துச் சிறு கடைகளிலும் கிடைக்கும். 2007இல் ஹார்னடி வெளியிட்ட 6.5 க்ரீட்மூர் தோட்டாவில் உதைப்பு கணிசமாகக் குறைவு; உடல் சிறியவர்களும் புதிதாகக் கற்பவர்களும் அதை எடுப்பது நல்லது, ஏனெனில் இலேசான ரைஃபிளில் உதைப்புக்கு அஞ்சி விசையைச் சுண்டுவது, எந்தக் குழலும் சரிசெய்ய முடியாத குறை. ஆனால் எந்தத் தோட்டாவைத் தேர்ந்தாலும் மூன்று நான்கு தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்க்க வேண்டும். என் குழல் ஒரு 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டை விரும்புகிறது. அதே எடையுள்ள வேறொரு தயாரிப்பின் குழு அதைவிட இரண்டு மடங்கு விரிகிறது. வீட்டில் குழந்தைகளும் உண்ணும் இறைச்சி என்பதாலும், காட்டில் விடப்படும் குடலிலுள்ள ஈயத்துகள்கள் கழுகுகளை நஞ்சாகத் தாக்குவதாலும் செம்புக் குண்டுகளுக்கு மாறினேன். அவை வேறு இடத்தில் விழுவதால் ஸ்கோப்பைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இறைச்சியில் ஈயம் இல்லை என்ற நிம்மதிக்கு அந்த உழைப்பும் சற்றுக் கூடுதலான விலையும் தகும்.

ரைஃபிளில் மிச்சம் பிடித்த பணத்தை ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கும் வளையங்களுக்கும் செலவிட வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். நான் முதலில் பொருத்திய விலை குறைந்த ஸ்கோப், இரண்டாவது பருவத்தில் உறைகுளிரில் உட்புறம் பனி படிந்து, குறிப்புள்ளியையும் இழந்தது. ரைஃபிள் கெட்டுவிட்டதாகவே அப்போது தோன்றியது. வேறொரு ஸ்கோப்பை மாற்றியதும் குழு பழைய அளவுக்குத் திரும்பியது. ஒன்பது மடங்கு உருப்பெருக்கத்துக்கு மேல் எங்கள் காட்டில் தேவையே இல்லை. சூரிய உதயத்துக்கு முந்தைய அரை மணி முதல் சூரிய மறைவுக்குப் பிந்தைய அரை மணி வரை வேட்டையாட அனுமதி இருப்பதால், மங்கிய ஒளியில் தெளிவாகக் காட்டும் கண்ணாடியே பயன் தரும்.

பராமரிப்பில் இரண்டு செய்திகள் மட்டும். கறுப்புப் பூச்சிட்ட சாதாரண எஃகு துருப்பிடிக்கும். பனியில் நனைந்த ரைஃபிளைத் துணியுறையில் இட்டு மூடி வைக்கவே கூடாது. டிசம்பர் குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உலோகம் முழுவதும் வியர்க்கும் என்பதால், துடைத்துத் திறந்த நிலையில் உலரவிட வேண்டும். அடுத்து, போல்ட்டின் உள்ளே கெட்டியான எண்ணெய் இருந்தால் உறைபனியில் ஊசியின் வேகம் குறைந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். ஆகவே பருவத்துக்கு முன் போல்ட்டைப் பிரித்து ஏறத்தாழ உலர்ந்த நிலைக்குத் துடைத்துவிடுகிறேன். குழலை மட்டும் குளிர்ந்த முதல் குண்டின் இடம் நகரத் தொடங்கும்வரை ஆழமாகச் சுத்தம் செய்வதில்லை. முற்றிலும் சுத்தமான, எண்ணெய் படிந்த குழலின் முதல் குண்டு வேறிடத்தில் விழுவதைத் தனித்தாள் பலமுறை காட்டியிருக்கிறது; சுத்தம் செய்த பின் இரண்டு மூன்று குண்டுகள் சுட்ட பிறகே அதைக் காட்டுக்கு எடுத்துச் செல்கிறேன்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் சிலர் வாங்கும் தகுதி பற்றிக் கேட்பதுண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் மற்றவர்களைப் போலவே துப்பாக்கி வாங்குவதற்கான கூட்டாட்சி அரசின் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனைக்குப் பின் வாங்கலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. பென்சில்வேனியாவில் முதன்முறை உரிமம் பெறுபவர் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். தேவை இல்லாதவரும் அந்த வகுப்புக்குச் செல்வது நல்லது என்பேன். குறியைவிட அதன் பின்னால் இருப்பதைப் பார்க்கக் கற்பிப்பது அந்த வகுப்புதான்.

பயன்படுத்திய ரைஃபிள் கிடைத்தால் அதையும் தயங்காமல் பார்க்கலாம். வேட்டைக்காரர்கள் ஆண்டுக்கு மிகச் சில குண்டுகளே சுடுவதால், பத்தாண்டு பழைய ரைஃபிளின் குழல்கூடப் பெரும்பாலும் புதியதற்கு நிகராக இருக்கும். குழலின் முன்வாயில் நசுக்கலோ கீறலோ இருக்கிறதா, உட்சுவரில் துருக்குழிகள் தெரிகின்றனவா, கட்டைத் திருகுகளின் தலைகள் சிதைந்துள்ளனவா, மேகசின் உறுதியாகப் பூட்டுகிறதா ஆகியவற்றைப் பார்த்தபின், விசையின் எடையை யாரேனும் தொழிற்சாலை அளவுக்குக் கீழே மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காவிட்டால், துப்பாக்கித் தொழிலாளர் ஒருவரிடம் காட்டி விசையைச் சோதிக்கும்வரை அதில் தோட்டாவை ஏற்றக் கூடாது.