கன்வெர்ட்டரின் நாடி பார்க்க இரண்டு வழிகள்

புகைக்குழாயில் அமர்ந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, காரின் கணினி புகையை அளப்பதில்லை. கன்வெர்ட்டருக்குள் பூசப்பட்டிருக்கும் சீரியம் ஆக்சைடு எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கிறது என்பதைத்தான் கணிக்கிறது. அந்தப் பிடிப்பு தளர்ந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் திறனும் தளர்ந்திருக்கும் என்பது கணக்கு. அதைக் கணிப்பதில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி வேடிக்கை பார்ப்பது. காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரின் திரையில், கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் ஒன்றாக ஓடவிட்டுப் பாருங்கள். முன் சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். பின் சென்சாரின் கோடு 0.6, 0.7 வோல்ட் அளவில் நூல் பிடித்ததுபோல் கிடக்கும். அதிலும் பல் முளைத்தால் கன்வெர்ட்டர் தேய்ந்துவிட்டது. ஓட்டுபவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் முன் சென்சார் காட்டும் அந்தச் சிறு அலைகளை விழுங்கப் பாதி தேய்ந்த கன்வெர்ட்டரே போதும். எனவே கோடு நேராக இருப்பதை வைத்துப் புதியதையும் பாதி தேய்ந்ததையும் பிரித்தறிய முடியாது. முன்னால், காற்று-பெட்ரோல் விகிதத்தையே அளக்கும் அகலப்பட்டை (wideband) சென்சார் உள்ள கார்களில் இப்படி எண்ணிப் பார்க்க அந்த ரம்பப் பல்லே கிடைக்காது.

இரண்டாவது வழி நேராகக் கேட்டுவிடுவது. கணினி வேண்டுமென்றே பெட்ரோலைக் குறைத்துக் கன்வெர்ட்டரை ஆக்சிஜனால் நிரப்புகிறது. பிறகு பெட்ரோலைக் கூட்டி அதைக் காலி செய்கிறது. ஒவ்வொரு முறையும் பின் சென்சாரின் அளவீடு புரள எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, காற்றோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பிடித்து வைத்த ஆக்சிஜனின் எடையே கிடைத்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான். தேய்மானம் படிப்படியாகக் கண்ணுக்குத் தெரிகிறதே! இதற்கும் விலை உண்டு: கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறி, கார் சீரான வேகத்தில் ஓட வேண்டும். குறுகிய தூரமே ஓடும் காரில் இந்தச் சோதனை முடியாமலே நாள்கள் போகலாம்.

வெப்பநிலையை வைத்துக் கணிக்கலாம் என்பாரும் உண்டு. இன்ஜின் சூடான பிறகு உள்ளே எரிய மிச்சமிருப்பது கொஞ்சமே என்பதால் வெப்ப வேறுபாடும் சிறியது. நான் அதை நம்புவதில்லை.

எந்த வழியானாலும் பின் சென்சாருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகச் சொல்லும் பி0420 என்ற குறியீடு வந்ததும் கன்வெர்ட்டரை வாங்க ஓடாதீர்கள். முதலில் கசிவு, அடுத்து சென்சார், பிறகு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) என்று பார்த்து முடித்த பிறகே அதன் மேல் கை வையுங்கள்.