லித்தாப்ஸ், ஸ்பிளிட் ராக்: பார்க்க ஒன்று போல, தண்ணீர்க் கணக்கு வேறு

லித்தாப்ஸ், ஸ்பிளிட் ராக் இரண்டும் கல் போலத் தோன்றும் சதைப்பற்றுச் செடிகள். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே செடியில் சிறியது ஒன்று, பெரியது ஒன்று என்றே தோன்றும். இரண்டும் ஐசோயேசி குடும்பம். இரண்டுக்கும் தாயகம் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலம். லித்தாப்ஸ் நமீபியாவிலும் வளர்கிறது. கல்லோடு கல்லாகக் கிடந்து, மேயும் விலங்குகளின் கண்ணுக்குத் தப்புவது இரண்டுக்கும் பழக்கம். 1811இல் பர்செல் என்ற ஆய்வுப் பயணி விநோதமான கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்தது ஒரு லித்தாப்ஸ் செடியைத்தான். இந்த ஒற்றுமையை நம்பி இரண்டுக்கும் ஒரே நாளில் தண்ணீர் ஊற்றுவதால்தான் வீடுகளில் இவை அதிகம் அழுகுகின்றன.

எத்தனை ஜோடி இலை?

வித்தியாசம் இலைக் கணக்கில் இருக்கிறது. லித்தாப்ஸ் ஒரு தலைக்கு ஒரே ஒரு ஜோடி இலையோடு வாழும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஜோடியின் பிளவுக்குள்ளிருந்து புதிய ஜோடி குறுக்குவாட்டில் கிளம்பும். பழைய இலையில் உள்ள நீரையெல்லாம் புதியது உறிஞ்சிக்கொள்ளும். பழையது காகிதம் போலக் காய்ந்து ஒட்டிக்கிடக்கும்.

ஸ்பிளிட் ராக்கில், அதாவது பிளேயோஸ்பிலோஸ் நெலியில், இரண்டு ஜோடி இருப்பது சகஜம். நடுவில் புதியது, அதற்கு வெளியே முந்தைய ஆண்டுடையது. மூன்றாவது ஜோடி கிளம்பும்போது வெளி ஜோடி சுருங்கத் தொடங்க வேண்டும். மூன்று ஜோடியும் விறைப்பாக, பளபளவென்று இருந்தால் செடி செழிப்பாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். தண்ணீர் மிஞ்சிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வெளி ஜோடி சருகாகும் வரை ஒரு சொட்டு கூடக் கூடாது. அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், சில சமயம் மாதக்கணக்கிலும். அந்த இலைதான் செடியின் தண்ணீர்த் தொட்டி என்பதால் செடிக்கு ஒரு குறையும் வராது. அழகுக்காகப் பழைய இலையைப் பிய்த்தால் காயத்தின் வழியே அழுகல் நுழையும். அதைச் செடியே உதிர்க்கட்டும்.

எப்போது ஊற்றுவது?

லித்தாப்ஸுக்கு இலையுதிர் காலம்தான் முக்கியம். கோடையின் கடுமை தணிந்ததும் தொட்டி முழுக்க நனையும்படி ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டு, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த முறை, மண் அடிவரை காய்ந்து இலையின் பக்கவாட்டில் சுருக்கம் தெரியும்போது. பூத்து முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். குளிர்காலத்தில் இலை மாறும் வேலை உள்ளே நடக்கிறது. அப்போது நீர் கிடைத்தால் பழைய இலை சுருங்க மறுக்கும், புதியது அதன் மேல் ஏறி நிற்கும். வசந்தத்தில் பழைய தோல் முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி தொடங்கலாம். உச்சக் கோடையில் செடி உறங்கும்; ரொம்பவும் வதங்கினால் மட்டும் மாலையில் விளிம்போரம் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும்.

ஸ்பிளிட் ராக் குளிர்ந்த மாதங்களில் வளரும் செடி. பூப்பதும் குளிர்காலக் கடைசியிலோ வசந்தத் தொடக்கத்திலோதான். அதனால் குளிர்காலம் முழுக்க நீரை நிறுத்தும் விதி இதற்கு அப்படியே பொருந்தாது. ஜோடி இரண்டுக்கு மிகாமல், வெளி ஜோடி அழுத்தினால் லேசாகத் தளரும் நிலையில் இருந்தால், நல்ல வெயில் அடிக்கும் நாளில் ஒருமுறை நனைக்கலாம். வெப்பமான கோடையில் ஏறக்குறைய முழுப் பட்டினி. குளிர்காலம் என்றே ஒன்று இல்லாத இடங்களில் நாட்காட்டியை விட்டுவிட்டு இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவும் சூடாக, ஈரப்பதமாக இருக்கும் வாரங்களில் இரண்டுக்குமே தண்ணீர் ஆபத்து. ஸ்பிளிட் ராக்குக்கு அது இரட்டிப்பு: அடிப்பகுதி மஞ்சளாகி, கண்ணாடி போலத் தெளிந்து, சில நாளில் குழைந்துவிடும். அந்த நிலையிலிருந்து மீட்பது அரிது. லித்தாப்ஸ் கொத்தாக இருந்தால் அழுகிய தலையை மட்டும் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்து, மற்றவற்றைக் காய வைத்துக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

இலையில் நெடுக்காக வெடிப்பு விழுந்தால், வேர் இழுத்த நீரைத் தோல் தாங்கவில்லை என்று பொருள். தழும்பு அடுத்த ஜோடி வரும்வரை இருக்கும், ஆனால் செடி பிழைக்கும்.

மண், தொட்டி

இங்கே வித்தியாசம் சிறிது. மூன்று பங்கு பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது பெர்லைட்டும் (பொரிந்த எரிமலைக் கண்ணாடி) 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள கழுவிய சிறுகல்லும் கலந்தது, ஒரு பங்கு சலித்த மக்கிய மண். நைசான மணல் வேண்டாம். இடைவெளியை அடைத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். இரண்டுக்கும் ஆழமாக இறங்கும் ஆணிவேர். லித்தாப்ஸுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் போதும், ஸ்பிளிட் ராக்குக்கு 12 சென்டிமீட்டராவது கொடுங்கள். புதிதாக வாங்கிய செடியின் வேரைக் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கவ்வியிருந்தால் முழுக்க உதிர்த்து, நிழலில் மூன்று நான்கு நாள் உலரவைத்து, காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். ஸ்பிளிட் ராக்கின் இலைக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சிறுகல் பரப்புங்கள். செடியின் கழுத்து, அதாவது வேரும் இலையும் சேரும் இடம், ஈரத்தில் உட்காரக்கூடாது.

வெயில்

லித்தாப்ஸ் இலையின் மேற்பரப்பு ஒரு ஜன்னல். ஒளி அதன் வழியே புகுந்து உள்ளே இருக்கும் பச்சையத்தை அடைகிறது. ஒளி குறைந்தால் செடி உயரமாக நீண்டு, கல் வடிவம் போய்விடும். ஸ்பிளிட் ராக்கில் அந்த ஜன்னல் கிடையாது; இலை முழுக்கக் கரும்புள்ளிகள்தான். பிளேயோஸ்பிலோஸ் என்ற பெயருக்கே நிறையப் புள்ளிகள் என்று பொருள். ஒளி போதாவிட்டால் இதன் இலை நீண்டு சாயும். இரண்டுக்கும் காலையில் நான்கைந்து மணி நேர நேரடி வெயில் தேவை. நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் வெந்த தழும்பு விழும். இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

மாவுப்பூச்சி இரண்டுக்கும் பொது எதிரி. இலைப் பிளவில் பஞ்சு போலத் தெரிந்தால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைக்கலாம். காரணமே தெரியாமல் செடி சுருங்கினால், ஊற்றியும் விறைக்காவிட்டால், வேரைத் தூக்கிப் பாருங்கள். வேரிலும் அது குடியிருக்கும்.

பூ, விதை

பூவில் ஸ்பிளிட் ராக்தான் முந்தும். செடியின் அகலத்தையே நெருங்கும் ஆரஞ்சு வண்ணப் பூ, பிற்பகலில் விரியும். லித்தாப்ஸ் மஞ்சள் அல்லது வெள்ளையில் இலையுதிர் காலத்தில் பூக்கும். விதை வேண்டுமானால் லித்தாப்ஸில் வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடிகள் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். தன் பூந்தூளைத் தானே ஏற்காது. காய்ந்த விதைப்பெட்டி நீர் பட்டால்தான் திறக்கும். விதையிலிருந்து பூவுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு.

முதல் செடியாக எது என்றால், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் லித்தாப்ஸ். ஒரு ஜோடியை மட்டும் கவனித்தால் போதும், தவறு நடந்தாலும் மீட்க இடமுண்டு. தெளிவான குளிர்காலமும் வெயில் விழும் ஜன்னலும் இருந்தால் ஸ்பிளிட் ராக்கைத் தயங்காமல் எடுக்கலாம். இரண்டும் வேண்டும் என்றாலும் ஒரே தொட்டியில் மட்டும் சேர்த்து நடாதீர்கள்: ஒன்றுக்கு நீர் தேவைப்படும் வாரத்தில் மற்றொன்று தன் பழைய இலையைக் குடித்துக்கொண்டிருக்கும்.