வெஸ்ட் சிஸ்டம் 105 எபாக்ஸி: சிறிய பாய்மரப் படகு கட்டுகிறவர் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

இரண்டு பேர் படுத்துறங்கி, சில நாட்கள் கரையோரமாகப் போய்வரக்கூடிய 6 மீட்டர் பாய்மரப் படகை பிளைவுட்டில் சொந்தமாகக் கட்ட நினைப்பவர், பொருள் பட்டியல் போட்டதும் திகைத்து நிற்கிற வரி எபாக்ஸிதான்: ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகி, மரத்தை ஒட்டவும் பூசி மூடவும் உதவுகிற பிசின். மரத்துக்கு ஆகிற தொகையோடு போட்டி போடும். பாலியெஸ்டர் ரெசின் அதைவிட மிக மலிவு என்பதால், இங்கே சிக்கனம் பிடிக்கலாமே என்று தோன்றும். மரப்படகில் அந்தச் சிக்கனம் கூடாது. ஆனால் 105-ஐ வாங்கியும் காசை வீணாக்க வழிகள் நிறைய உண்டு.

வெஸ்ட் சிஸ்டம் வரிசையில் 105 என்பது ரெசினின் எண். அதோடு சேர்க்க நான்கு ஹார்டனர்கள்: 205 வேகமானது, 206 மெதுவானது, 209 சூடான வானிலைக்கான மிக மெதுவானது, 207 மரத்தின் நிறம் தெரியும்படி விடுகிற பரப்புகளுக்கானது. தயாரிப்பது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பே சிட்டியில் 1969-ல் கூஜன் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம். எபாக்ஸியால் ஒட்டி, எபாக்ஸியாலேயே மூடி அவர்கள் கட்டிய அடாஜியோ என்ற 35 அடி மூவுடல் படகு 1970-ல் தண்ணீரில் இறங்கியது. பல பத்தாண்டுகள் கழித்தும் பந்தயங்களில் ஓடியது. மரத்துக்குள் ஈரம் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் மரப்படகு உளுத்துப்போகிறது. 105 அந்த ஈரத்தைப் பெருமளவு தடுத்துவிடும். பாலியெஸ்டரோ காயும்போது சுருங்கும், மரத்தில் அதன் பிடிப்பும் குறைவு. காலப்போக்கில், மேலே ஒட்டிய கண்ணாடியிழைத் துணியோடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். உரிந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே பிளைவுட் கூழாகிவிடும்.

எவ்வளவு வாங்குவது? இங்கேதான் பலர் கணக்குத் தப்புகிறார்கள். வெறும் மரத்தில் முதல் பூச்சுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 130 கிராம், அதற்கு மேல் ஒவ்வொரு பூச்சுக்கும் சுமார் 100 கிராம் போகும். 200 கிராம் கண்ணாடியிழைத் துணியை நனைத்து ஒட்ட 250 கிராம், நெசவுக் குழிகள் நிரம்ப இன்னும் மூன்று பூச்சு, ஆக 550 கிராம். வெளிப்புறம், மேல்தளம், கேபின் எல்லாம் சேர்ந்து 28 சதுர மீட்டர் என்றால் அதற்கு மட்டும் 15 கிலோவுக்கு மேல். உட்புறம் 35 சதுர மீட்டருக்கு மூன்று பூச்சு என்றால் 11.5 கிலோ. மூட்டுகளை ஒட்டவும், மூலைகளை வளைவாக நிரப்பவும் 8 கிலோ. கப்பில், பிரஷில், ரோலரில் ஒட்டிக்கொண்டு போகிற வகையில் 15 சதவீதம் சேர்த்தால் 40 கிலோவைத் தொட்டுவிடும். ஐரோப்பியச் சந்தையில் ரெசினும் ஹார்டனரும் சேர்ந்த ஏ ஜோடி 1.2 கிலோ, பி 6 கிலோ, சி 30 கிலோ. ஒரு சி, இரண்டு பி போதும். ஏ டப்பாக்களாகச் சேர்த்துக்கொண்டே போனால் கிலோவுக்கு ஆகிற விலை கண்ணைக் கட்டும். ரெசினும் ஹார்டனரும் ஒரே எழுத்துள்ள டப்பாவாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தீரும்.

கலவை விகிதம் 205, 206-க்கு கன அளவில் 5:1. 207, 209-க்கு 3:1. இந்த விகிதம் டப்பாக்களில் மாட்டும் பம்புகளிலேயே அமைந்திருக்கிறது. ரெசின் ஒரு அழுத்து, ஹார்டனர் ஒரு அழுத்து, அவ்வளவுதான். 5:1 என்று டப்பாவில் படித்துவிட்டு ரெசினை ஐந்து அழுத்தும் ஹார்டனரை ஒரு அழுத்தும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது 25:1 ஆகிவிடும், என்றைக்கும் காயாது. முழுப் பரப்பையும் சுரண்டி எடுத்து, கரைப்பான் விட்டுத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 5:1 பம்பை 209 டப்பாவில் மாட்டிவிடுவதும் இதே வகைப் பிழை. பம்பில் காற்று அடைத்து 'புஸ்' என்று வந்தால் அந்தக் கலவையைப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். பெரிய வேலைக்கு மின்தராசு இன்னும் நல்லது. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. காய்ந்தது பலவீனமாகத்தான் இருக்கும்.

22 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் கலவை கப்பில் தாங்கும் நேரம்: 205 என்றால் 9 முதல் 12 நிமிடம், 206 என்றால் 20 முதல் 25, 209 என்றால் 40 முதல் 50. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இது ஏறத்தாழ பாதியாகும். கப்பில் குவிந்திருக்கும் கலவை தன் சூட்டிலேயே தானும் சூடேறி, புகைந்து, கப்பையே உருக்கிவிடும். கலக்கி முடித்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் நேரம் கிடைக்கும். 205-ஐயும் 206-ஐயும் தங்களுக்குள் கலந்து இடைப்பட்ட வேகம் பெறலாம், விகிதம் ஒன்றுதான் என்பதால். ஒரே ஒரு ஹார்டனர் வாங்கப் பணம் இருந்தால் 206-ஐ வாங்குங்கள். ஆனால் 16 டிகிரிக்குக் கீழே அது நம்பகமாகக் காயாது.

மரத்துக்கு முதல் பூச்சு அடிக்க வேண்டியது வெப்பம் இறங்குகிற நேரத்தில். காலையில் அடித்தால், ஏறுகிற வெயிலில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சைத் துளைத்து வெளியேறும், பரப்பு முழுக்க ஊசிமுனைக் குமிழிகள். அவற்றை நிரப்ப ஒரு பூச்சும் தேய்க்க ஒரு நாளும் கூடுதலாகப் போகும். சாயங்காலம் அடித்தால் காற்று சுருங்கி, எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த பூச்சை, முந்தையது இன்னும் கொஞ்சம் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே அடித்துவிடுவது பெரிய லாபம்: இரண்டும் ஒரே உடலாகும், தேய்க்கிற வேலையே இல்லை. முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே மெழுகு போல ஒரு படலம் நிற்கும். அதைத் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் தாள் உடனே அடைத்துக்கொள்ளும், மேலே அடிக்கிற பெயிண்டும் பிடிக்காது.

அதே வரிசையில் எபாக்ஸிக்குக் கட்டித்தன்மை தருகிற பொடிகளில், ஒட்ட 406, உலோகப் பொருத்துகளின் அடியில் 404, பட்டி பார்க்க 407. 410 இன்னும் சுலபமாகத் தேயும், ஆனால் அடர்நிறப் பெயிண்டின் கீழே வெயில் சூட்டில் இளகும். அடர்நிறம் வேண்டும் என்றால் 407-ஓடு நின்றுவிடுங்கள்.

உடைமைச் செலவில் 105 உண்மையாகச் சம்பாதித்துக் கொடுக்கிற இடம் மேல்தளத் துளைகள். வளையமோ கப்பியோ பொருத்த, 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8-ல் துளை போட்டு நேராக முடுக்கினால், அடைப்புப் பசை காய்ந்து விட்டுக்கொடுத்த அன்று தண்ணீர் பிளைவுட்டின் வெட்டுமுனையில் இறங்கிவிடும். சரியான முறை: 16-ல் துளை, அடியில் டேப் ஒட்டி மூடல், சுவரை வெறும் எபாக்ஸியால் நனைத்தல், பிறகு 404 சேர்த்த கலவையால் நிரப்பல், காய்ந்தபின் நடுவில் 8-ல் மறுதுளை. போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது, நாலு மில்லிமீட்டர் தடித்த எபாக்ஸி வளையம்தான் இருக்கும். ஒரு துளைக்கு ஆகிற கலவை சில கிராம். செய்யாமல் விட்டால், பின்னாளில் தளத்தையே அறுத்தெடுத்துப் போட வேண்டிவரும். இது ஒன்றுக்காகவாவது பொறுமை காட்டுங்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் எபாக்ஸி சிதையும். மேலே பெயிண்டோ, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ கட்டாயம், அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். தோலில் படப்பட ஒவ்வாமை வரலாம், வந்தால் போகாது. பிறகு அந்தப் படகை முடிப்பதே சிரமம். நைட்ரைல் கையுறை போடாமல் தொடாதீர்கள், கையில் பட்டுவிட்டால் அசிட்டோனால் துடைக்காதீர்கள், அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி மிக மோசம். கையுறை, கப், ரோலர் உறை, உப்புத்தாள் என்று தூக்கி எறிகிற பொருட்களின் செலவு எந்தப் பட்டியலிலும் இருக்காது. ரெசின் விலையில் நல்ல ஒரு பகுதியை அதற்கும் ஒதுக்குங்கள்.

105-ஆல் குறைக்க முடியாத செலவுகளே அதிகம். படகின் உடல் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. பாய், பாய்மரம், கம்பிகள், நங்கூரம், எஞ்சின், மின்சாதனம் ஆகியவைதான் மிச்சம். அடியில் பாசி பிடிக்காத பெயிண்ட், படகை நிறுத்தும் இடத்துக்கு வாடகை, காப்பீடு எல்லாம் ஆண்டுதோறும் வரும். நீளத்தைக் கூட்டும் ஆசை எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு: 6 மீட்டரை அதே விகிதத்தில் 7.2 மீட்டராக்கினால் எடை 1.7 மடங்குக்கு மேல் போகும், செலவும் அதோடு சேர்ந்து ஏறும். சொந்தமாகக் கட்டிய படகு, விற்கும்போது போட்ட பணத்தைத் திருப்பித் தருவதும் அபூர்வம். குறைந்த செலவில் கடலில் போவது மட்டுமே நோக்கம் என்றால், நல்ல நிலையில் இருக்கும் பழைய ஃபைபர் படகு மலிவாக முடியும். அப்போது 105 பழுதுபார்க்க மட்டும் போதும், ஒரு பி ஜோடிக்கு மேல் தேவைப்படாது.

கட்டுவதுதான் முடிவு என்றால் பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில் வரும் கடல் பிளைவுட்டையும் 105-ஐயும் விட்டுக்கொடுக்காமல், மலிவை வேறு இடத்தில் தேடுங்கள்: பழைய பாய்மரம், கைமாறிய பாய்கள், சிறு எஞ்சின். சி டப்பாவைப் பலகைகள் அறுத்துத் தயாரான பிறகு வாங்கினால் போதும். குளிரில் நின்று ரெசின் சர்க்கரை போல உறைந்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்; 50 டிகிரி வெந்நீரில் டப்பாவை வைத்துக் கிளறினால் தெளிந்துவிடும், அப்புறம் வழக்கம்போல் கலக்கலாம்.