குறுவை, தாளடியா? ஒருபோகச் சம்பாவா? கடைமடையில் நான் எடுத்த முடிவு

திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எங்களுக்குப் பத்து மா நிலம் (மூன்று மா சுமார் ஓர் ஏக்கர்). ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், அதனால் ஆற்றுத் தண்ணீரை விட்டால் வேறு வழி கிடையாது. அப்பா காலத்தில் ஜூனில் தொடங்கும் குறுவையும், அதை அறுத்த பின் நடும் தாளடியும் என்று இரண்டு போக நெல் தவறாமல் நடந்தது. நான் சில வருஷங்கள் அதையே பிடித்துத் தொங்கிவிட்டு, இப்போது வருஷத்துக்கு ஒரே போகமான சம்பாவுக்கு மாறிவிட்டேன்.

எல்லோரும் சொல்லும் கணக்கு தெரிந்ததுதான். இரண்டு போகம் எடுத்தால் நெல் கூடுதல், ஆள் செலவும் உரச் செலவும் கூடுதல். குறுவை அறுப்பு மழையில் சிக்கினால், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் கொண்டுவர ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காய வைக்க வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக் கூடியது. என்னை மாற வைத்தது வேறு விஷயம்: தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது என்பது.

குறுவைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீர் வேண்டும். அந்த நான்கு மாதமும் நமக்குச் சொந்த மழை குறைவு. குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்குப் பருவமழைதான் காவிரியில் வந்தாக வேண்டும். வழியில் கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று நான்கு அணைகள், நான்கும் சேர்ந்தால் 114 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). மண்டியாவில் கரும்பும் நெல்லும் செழித்தது அந்தத் தண்ணீரால்தான். அங்கிருக்கும் விவசாயிக்கும் நமக்கு வேண்டிய அதே மாதங்களில்தான் தண்ணீர் வேண்டியிருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மழை குறைந்த வருஷத்தில் மேலே இருக்கும் அணை முதலில் நிரம்பும், மேட்டூர் கடைசியில்தான்.

காகிதத்தில் பார்த்தால் நிலைமை நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது வருஷத்துக்கு 177.25 டிஎம்சி. அதில் 123 டிஎம்சி ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கானது. நல்ல வருஷத்தில் அதற்கு மேலேயே வந்துவிடுகிறது. பற்றாக்குறை வருஷத்தில், குறுவைக்கு வேண்டிய நாளில்தான் வராமல் போகிறது.

2012 முதல் 2019 வரை எட்டு வருஷம், வழக்கமான திறப்புத் தேதியான ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவே இல்லை. 2023-ல் சரியாக அந்தத் தேதியில் திறந்தார்கள். என் மச்சான் அதை நம்பி நாற்று விட்டார், நட்டார். கதிர் வரும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. அக்டோபர் 10-ல் அணையையே மூடிவிட்டார்கள். 2024-ல் வேறு விதம். ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது, உபரி கொள்ளிடத்தில் போனது. ஜூன் மாதம் ஒரு சொட்டுக்கு ஏங்கிய அதே வருஷம் அது! திறப்புத் தேதியை மட்டும் பார்த்து குறுவையில் இறங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த நாளில் கிருஷ்ணராஜசாகரில் எத்தனை அடி இருக்கிறது என்று பாருங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் மடைக்கு வர எப்படியும் இரண்டு வாரம் ஆகும், அதுவும் முறை வைத்து விட்டால் இன்னும் தள்ளிப்போகும்.

சம்பாவில் இந்தப் பதைப்பு பாதியாகக் குறைகிறது. ஆகஸ்ட் கடைசியில் சிஆர் 1009 ரகத்தைப் புழுதியில் நேரடியாக விதைத்து விடுகிறேன். நாற்றங்கால் வேலை இல்லை. ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற பயிர், அதன் முக்கியமான நாட்கள் அக்டோபரிலும் நவம்பரிலும் வருகின்றன. அப்போது நம் தலைக்கு மேலேயே வடகிழக்கு மழை பெய்கிறது, ஆற்றுத் தண்ணீர் அதற்குத் துணையாக வந்தால் போதும். ஜனவரியில் அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் உளுந்து தெளித்தால், மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே அது வந்துவிடும். தாளடி பிப்ரவரி வரை இழுத்த வருஷங்களில் எனக்கு உளுந்து சரியாகக் கிடைத்ததே இல்லை. இரண்டாவது போகத்தில் விட்டதில் ஒரு பகுதியை இந்த உளுந்து ஈடுகட்டுகிறது.

சம்பா பயமே இல்லாத பயிர் என்று சொல்ல மாட்டேன். 2016-ல் மேட்டூரும் செப்டம்பர் 20-ல்தான் திறந்தது, வடகிழக்கு மழையும் பொய்த்தது. சம்பாவும் கருகியது. மழை கூடினால் பள்ளக்காலில் பயிர் மூழ்கும். அதற்காகத்தான் தாழ்ந்த மூன்று மாவில் மட்டும் வெள்ளம் தாங்கும் சப்-1 ரகம் போடுகிறேன். ஒரு தடவைதான் மூழ்கியது, பத்து நாளில் வடிந்து பிழைத்துக்கொண்டது. அதற்கு மேல் நின்றால் எப்படி இருக்கும் என்று நான் அனுபவித்ததில்லை.

கும்பகோணம், பாபநாசம் பக்கம் நல்ல தண்ணீர் வரும் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்கள் நாற்றங்காலை மோட்டாரில் வளர்த்து, ஆற்றில் தண்ணீர் வரும்போது நடலாம், அவர்களுக்குக் குறுவை நிச்சயம் கட்டுப்படியாகும். என்னைப் போல மடைத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்கள், இந்த வருஷம் குறுவை போடத்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், பத்து மாவில் மூன்று மாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைச் சம்பாவுக்கு விடுங்கள்.