கைத்துப்பாக்கியை வேறு மாநிலத்துக்கு அனுப்ப எந்த வழி கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் உங்களிடம் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருந்தால், தோட்டாவை எடுத்துவிட்டுப் பெட்டியில் கட்டி, தபால் நிலையத்தில் கொடுத்து, வேறு மாநிலத்தில் உரிமம் பெற்ற வணிகர் ஒருவருக்கு நீங்களே அனுப்பலாம். அதில் கால்வாசி நீளம்கூட இல்லாத பிஸ்டலை அதே கவுன்டரில் கொடுத்தால் கதை வேறு. உடம்பில் மறைத்துவைக்கக்கூடிய துப்பாக்கி எதையும் சாதாரண ஆள் தபாலில் போடக் கூடாது என்று 1927-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கும் நடக்கிறது, அதனால் அனுப்பும் நாளில் விதி என்ன என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, தபால் இல்லையென்றால் தனியார் கூரியர் இருக்கிறதே என்று தோன்றும். ஒரு காலத்தில் இருந்தது. யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் தனிநபரிடமிருந்து துப்பாக்கி வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் கைத்துப்பாக்கி என்றால் மறுநாளே போய்ச்சேரும் விமான சேவையில்தான் அனுப்ப வேண்டும் என்றன. வழியில் திருடு போகும் என்ற பயம்தான் காரணம். கட்டணம் நூறு டாலரைச் சுலபமாகத் தாண்டிவிடும். இப்போது அந்த வாசலும் அடைபட்டுவிட்டது. உரிமம் வைத்திருந்து, நிறுவனத்தோடு தனி ஒப்பந்தமும் போட்டவர்களிடம் மட்டுமே வாங்குகிறார்கள். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்னும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துவிட்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். உரிமம் இல்லாத ஒருவருக்குத் துப்பாக்கி அனுப்பும்போது கூரியர் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும் என்பது மத்திய சட்டம். பெட்டிக்கு வெளியே 'துப்பாக்கி' என்று ஒட்டச் சொல்லி நிறுவனம் கேட்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

ஆக, மிச்சமிருக்கும் வழிகள் மூன்று: உள்ளூர் வணிகர் மூலம் அனுப்புவது, காரில் கொண்டுபோவது, விமானத்தில் கொண்டுபோவது. எது உங்களுக்கு என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. போய்ச்சேரும் இடத்தில் அந்தத் துப்பாக்கி யாருடையதாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

வேறொருவருக்குப் போகிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை, வணிகர்தான். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் வசிக்கும் ஒருவருக்கு நீங்கள் நேரடியாகத் துப்பாக்கி கொடுக்க முடியாது. விற்றாலும் சரி, பெற்ற மகனுக்குப் பரிசாகக் கொடுத்தாலும் சரி. அவர் வசிக்கும் மாநிலத்தில் உள்ள, மத்திய உரிமம் பெற்ற வணிகர் கைக்குத்தான் அது போக வேண்டும். 'எஃப்எஃப்எல்' என்று எல்லோரும் சொல்வது இந்த உரிமத்தைத்தான், அதை வைத்திருக்கும் வணிகரையும் அப்படியே சொல்வார்கள். அங்கே வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறிய பிறகே துப்பாக்கி கைக்கு வரும். வணிகரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்ற விதியிலிருந்து, உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வருவதற்கு மத்திய சட்டத்தில் விலக்கு உண்டு.

செலவுக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்களுக்கு மூடியிருக்கும் அதே தபால் நிலையம் வணிகருக்குத் திறந்திருக்கிறது. 1508 என்ற படிவத்தைக் கொடுத்துவிட்டு, உரிமம் பெற்ற வணிகர் இன்னொரு வணிகருக்குக் கைத்துப்பாக்கியைத் தபாலிலேயே அனுப்பலாம். எடை எவ்வளவானாலும் ஒரே கட்டணம் வாங்கும் தபால் பெட்டியில் போட்டால் 20 டாலரை ஒட்டித்தான் ஆகும். அதோடு அவருடைய கூலி ஒரு 30 முதல் 50 டாலர், அந்தப் பக்கத்து வணிகருக்கு 25 முதல் 50 டாலர். எல்லாம் சேர்த்தால் 75 முதல் 120 டாலருக்குள் முடிந்துவிடும். அதே வணிகர் கூரியரின் விரைவு சேவையில் அனுப்பினால் மொத்தச் செலவு இருநூறைத் தொடலாம். எனவே கடைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'தபாலில் அனுப்புவீர்களா, கூரியரிலா?' என்பதுதான். அப்புறம், வாங்கும் பக்கத்து வணிகரிடம் முன்பே பேசி, அவருடைய உரிம நகலையும் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவுக்கு அனுப்புவதென்றால் இன்னும் ஒரு படி கூடுதல்: அனுப்பும் வணிகர் அந்த மாநிலத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் எண் வாங்க வேண்டும். வாங்குபவர் 10 நாள் காத்திருக்கவும் வேண்டும்.

முந்நூறு டாலர் பிஸ்டலுக்கு நூறு டாலர் செலவழித்து அனுப்புவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. இங்கே விற்றுவிட்டு அங்கே வாங்கச் சொல்வேன். தாத்தாவின் ரிவால்வர் என்றால் அந்தக் கணக்கு செல்லாது.

துப்பாக்கி உங்களுடையது, நீங்கள் வீடு மாறுகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழ். உங்கள் பொருளை நீங்களே எடுத்துப்போவதில் கைமாற்றமே இல்லை, 4473-உம் வேண்டாம். வணிகர் மூலம் அனுப்பினாலோ, உங்கள் சொந்தத் துப்பாக்கியைத் திரும்ப வாங்க நீங்களே படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். காசும் கொடுத்து வரிசையிலும் நிற்க வேண்டுமா? காரில் வைத்துக்கொண்டு போனால் பெட்ரோல் செலவோடு முடிந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடையில் வரும் மாநிலங்களில் பாதுகாப்புத் தருகிறது. தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாத இடத்தில், அதாவது டிக்கியில், இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். முன்பக்க டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அது கணக்கில் வராது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் அதை வைத்திருப்பது சட்டப்படி சரி என்றால்தான். நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். நியூஜெர்சி, கலிஃபோர்னியா, நியூயார்க் மூன்றிலும் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கு, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டுக்கு, தடை. இதையெல்லாம் பார்க்காமல் டிக்கியை நிரப்பாதீர்கள்.

விமானம்தான் தூரப் பயணத்துக்கு மலிவு. கவுன்டரில் ஒப்படைக்கும் செக்-இன் பைக்கு 35, 40 டாலர் என்ற வழக்கமான கட்டணம், அவ்வளவுதான். தோட்டா அகற்றி, கெட்டியான பெட்டியில் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கவுன்டரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைப்பையில் மறந்துபோய் இருந்தால் பல ஆயிரம் டாலர் அபராதம், போலீசும் வரலாம்.

இதில் நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் போக, நியூஜெர்சியில் உள்ள நியூவர்க்கில் விமானம் மாற வேண்டியிருந்தது. விமானம் தாமதமாகி இணைப்பு தவறியது. துப்பாக்கி இருந்த பையை வாங்கிக்கொண்டு விமான நிலைய விடுதியில் தங்கினார். மறுநாள் காலையில் விதிப்படி கவுன்டரில் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். கைது செய்து சில நாள் சிறையில் வைத்துவிட்டார்கள். வழக்கு பிறகு கைவிடப்பட்டது. அவர் தொடுத்த எதிர்வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரவு விடுதியில் பை கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் 1986 சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்றது. ஆகவே நியூஜெர்சி, நியூயார்க் வழியாக இணைப்பு விமானம் எடுப்பதைவிட ஐம்பது டாலர் கூடுதலாகக் கொடுத்து நேர் விமானம் பிடிப்பேன். இணைப்பு தவறினால் பையைக் கையில் வாங்க மறுத்துவிடுங்கள்.

பழுதுபார்க்க அனுப்புவது இன்னும் எளிது, இது பலருக்குத் தெரிவதில்லை. தொழிற்சாலைக்கோ உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்குக்கோ நீங்கள் நேரடியாக அனுப்பலாம். அவர்களும் உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், நடுவில் வணிகர் வேண்டாம். கூரியர் வாங்க மாட்டார்களே என்கிறீர்களா? தயாரிப்பாளரைக் கூப்பிட்டு அவர்கள் கணக்கில் போகும் லேபிள் அனுப்பச் சொல்லுங்கள். குழலோ, அதற்கு மேல் முன்பின் நகரும் ஸ்லைடோ மட்டும் கெட்டுப்போயிருந்தால் அதை மட்டும் கழற்றி அனுப்பினால் போதும். சட்டத்தின் கண்ணில் ஃப்ரேம் எனப்படும் அடிச்சட்டகம்தான் துப்பாக்கி, மற்றவை வெறும் இரும்பு.

இதைப் படிப்பவர்களில் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களும் இருக்கலாம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியக் குற்றம். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நண்பர் ஊருக்குப் போகும்போது 'கொஞ்ச நாள் உன் வீட்டில் இருக்கட்டும்' என்று பெட்டியைக் கொடுத்தால், எந்த வழியில் அனுப்பலாம் என்று யோசிப்பதற்கு முன் உங்கள் விசாவைப் பாருங்கள்.