முழங்காலுக்குக் கீழே: ஜெய்ப்பூர் காலா, மாடுலர் காலா, கார்பன் காலா?

சர்க்கரைப் புண் முற்றியோ, பைக் விபத்திலோ முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட வீடுகளில், தையல் பிரிப்பதற்குள் ஒரு விவாதம் தொடங்கிவிடும். ஜெய்ப்பூர் கால் இலவசமாகவே கிடைக்குமே என்பார் பெரியப்பா. மருமகன் யூடியூபில் கார்பன் பிளேடு மாட்டிக்கொண்டு ஓடுகிறவரைக் காட்டுவார். நடுவில் யாராவது ஒருவர் "மாடுலர்தான் இப்போ எல்லாரும் போடறாங்க" என்பார். மூன்றுமே நல்ல கால்கள்தான். யாருக்கு எது என்பதில்தான் தப்பு நடக்கிறது.

ஜெய்ப்பூர் காலிலிருந்து தொடங்கலாம். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது இது. அன்றைக்கு இருந்த வெளிநாட்டுப் பாதங்கள் ஷூவுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியவை. வெறுங்காலில் வயலில் இறங்குகிறவருக்கு, சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு, குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் போகிறவருக்கு அவை உதவவில்லை. அதனால் ரப்பரிலேயே விரல்களோடு, தோல் நிறத்தில் ஒரு பாதம் செய்தார்கள். உள்ளே குதிகாலிலும் முன்பாதத்திலும் ஸ்பாஞ்ச் ரப்பர், கணுக்காலில் மரக்கட்டை. அச்சில் வைத்துச் சூடேற்றி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார்கள். எல்லாப் பக்கமும் கொஞ்சம் வளையும் என்பதால் மேடு பள்ளத்தில் தடுமாற்றம் குறைவு. தண்ணீர், சேறு பட்டாலும் கவலை இல்லை. மேல்பகுதிக்குத் தண்ணீர்க் குழாய் செய்யும் அதே ஹெச்டிபிஇ பிளாஸ்டிக்தான். அளவெடுத்த அன்றைக்கோ மறுநாளோ மாட்டி அனுப்பிவிடுவார்கள். 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இதை இன்றுவரை இலவசமாகக் கொடுக்கிறது. போர் காலை வாங்கிய யாழ்ப்பாணத்தில்கூட இந்தக் காலின் பெயரிலேயே ஒரு நிலையம் இயங்குகிறது.

சுதா சந்திரன் 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் காலை இழந்து, இந்தக் காலோடு மறுபடி பரதம் ஆடியதை நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் அந்த மேடைக்கு முன்னால் வலியும் ரத்தமுமாகப் போன நீண்ட பயிற்சிக் காலத்தை யாரும் சொல்வதில்லை. கால் மாட்டினால் நடை தானாக வந்துவிடும் என்று பலர் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜெய்ப்பூர் காலின் குறை பாதத்தில் இல்லை. முதல் குறை, ஒருமுறை பொருத்தியபின் அதன் கோணத்தை மாற்றுவது கடினம். அப்புறம், கேம்ப்பில் ஒரே நாளில் பல பேருக்குச் செய்யும்போது பொருத்தம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நடை கோணலாகி இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும்போது கேம்ப் ஊரைவிட்டுப் போயிருக்கும்.

மாடுலர் கால் சரியாக இந்த இடத்தில் ஜெயிக்கிறது. மேலே மீதிக்கால் உட்காரும் சாக்கெட், நடுவில் உலோகக் குழாய், கீழே பாதம் என்று எல்லாம் தனித்தனி. இணைப்பில் உள்ள சிறு திருகுகளை ஆலன் கீயால் திருப்பி, கால் உள்பக்கம் சாய்கிறதா, முட்டி முன்னால் தள்ளுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்யலாம். பிசியோ நடக்க வைத்துப் பார்க்கும்போதே திருத்தலாம். பாதம் தேய்ந்தால் பாதத்தை மட்டும் மாற்றினால் போதும். அரசு நிறுவனமான கான்பூர் அலிம்கோ தயாரிப்பதால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மற்ற தகுதிகளும் உள்ளவர்களுக்கு அரசுத் திட்டங்கள் வழியாகவும் கிடைக்கிறது.

இதில் சாதாரணமாக வரும் பாதம் சாச் பாதம். உள்ளே கெட்டியான கட்டை, குதிகாலில் மெத்தென்ற ரப்பர். உறுதியானது, விலை குறைவு. ஆனால் கணுக்கால் அசையாது. இன்னொரு சங்கதியைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை: இந்தக் காலை ஒரு குறிப்பிட்ட செருப்பின் குதிகால் உயரத்துக்குத்தான் பொருத்துவார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் உடம்பு பின்னால் தள்ளுவதுபோல் இருக்கும். வீட்டுக்குள் செருப்பு போடாத நமக்கு இது தினப்படித் தொல்லை. வீட்டுக்கென்று தனியாக ஒரு செருப்பு வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வயதான அம்மாக்களை அதற்குச் சம்மதிக்க வைப்பது தனிக் கதை.

கார்பன் பாதமும் மாடுலர் குடும்பம்தான். எடை விழும்போது வளைந்து, பாதம் தரையைவிட்டு எழும்பும்போது நிமிர்ந்து, கொஞ்சம் உந்தித் தரும். வேகமாக நடக்கிறவர், நாள் முழுக்க நிற்கிறவர், படி ஏறி இறங்குகிற வேலையில் இருக்கிறவர் இந்த வித்தியாசத்தை உணர்வார். இளம் வயது, வேலைக்குத் திரும்ப வேண்டும், கையில் பணமும் இருக்கிறது என்றால் வாங்கலாம். வாக்கரோடு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கப்போகிற எழுபது வயது சர்க்கரை நோயாளிக்கு லட்சக்கணக்கில் செலவழித்து இதை வாங்குவது வீண். மெதுவாக நடந்தால் கார்பன் அவ்வளவாக வளையாது. அந்தப் பணத்தைச் சாக்கெட்டுக்கும் பிசியோவுக்கும் போடுங்கள்.

உண்மையில் சண்டை போட வேண்டிய இடம் சாக்கெட். ஸ்டம்ப் என்று எல்லோரும் சொல்லும் மீதிக்கால் உட்காரும் கிண்ணம் அது. அறுத்த கீழ்முனை முழு எடையைத் தாங்காது. முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் போன்ற சில இடங்கள்தான் அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும். கணைக்கால் எலும்பின் முனையும் வெளிப்பக்கத்து எலும்புக் குமிழும் பொறுக்காது. இந்தக் கணக்கு தப்பினால், எந்தப் பாதமாக இருந்தாலும் கால் பரண்மேல்தான் போகும். பின் விளிம்பு உயரமாக இருந்தால் முட்டி மடங்காது. அப்போது ஜெய்ப்பூர் பாதம் இருந்தும் குந்தி உட்கார முடியாது.

ஸ்டம்ப் மேல் உறைபோல் மாட்டும் சிலிகான் லைனர் போட்டால் உரசல் குறையும், பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் நம் வெயிலில் உள்ளே வியர்வை தேங்கும். மத்தியானம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும், தினமும் கழுவ வேண்டும். அது தேயும்போது புதிதாக வாங்க வேண்டும். வாங்குகிற அன்றைக்கே அடுத்த லைனரின் விலையையும் கேட்டு வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோலில் உணர்ச்சி மங்கியிருக்கும். சிவந்த இடம் வலிக்காமலே புண்ணாகிவிடும். கையில் கண்ணாடி வைத்துத் தினமும் ராத்திரி பார்ப்பது கட்டாயம்.

அவசரமும் ஆகாது. ஆபரேஷனுக்குப் பின் முதல் சில மாதங்கள் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே இருக்கும். எலாஸ்டிக் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றி அதை ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறார்களே, அது பெரிய கெடுதல். முட்டி மடங்கியபடியே இறுகிப்போகும், பிறகு எந்தக் காலும் சரியாக நிற்காது. எனவே முதல் காலை மலிவாகவே வாங்குங்கள். அது எப்படியும் லொடலொடவென்று ஆகி, உள்ளே சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டு ஓட்டி, கடைசியில் புது சாக்கெட் தேவைப்படும். விலை உயர்ந்தது எதுவானாலும் இரண்டாவது காலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முட்டிக்கு மேலே எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அங்கே பாதத்தைவிட முட்டி மூட்டு முக்கியம். ஐஐடி மெட்ராஸ் 2022இல் வெளியிட்ட 'கடம்' மூட்டு போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகள் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

என் பரிந்துரை: கிராமம், வயல், வெறுங்கால் வாழ்க்கை என்றால் ஜெய்ப்பூர் பாதம், அதுவும் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்ளக்கூடிய நிலையான மையத்தில். செருப்போ ஷூவோ போட்டு வேலைக்குப் போகிறவருக்கு மாடுலர். கார்பன், நடை கைவந்த பிறகு. சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மையத்திலோ வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையத்திலோ ஒருமுறை காட்டி, எழுத்தில் ஆலோசனை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனால் பேரம் பேசவும் தைரியம் வரும். கடையில் முதலில் கேட்க வேண்டியது: கடைசிச் சாக்கெட் செய்வதற்குமுன் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்கில் ஒரு சோதனைச் சாக்கெட் போட்டுக் காட்டுவீர்களா? அதில் எடையைப் போட்டு நின்றால் எந்த இடத்தில் தோல் வெளுக்கிறது என்று நாமே பார்க்கலாம். "அதெல்லாம் வேண்டாம் சார், அனுபவத்திலேயே சொல்லிடுவோம்" என்கிற கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.