அணு உலை விபத்து என்றால் ஓடுவதா, உள்ளேயே இருப்பதா?

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வட்டம் அவசரகாலத் திட்டப் பகுதி. எங்கள் வீடு அதற்குள் வருகிறது. விபத்து நடந்தால் உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதா என்று வீட்டில் பேசினோம். அதிகாரிகள் கிளம்பச் சொல்லும்வரை உள்ளேதான் என்று முடிவானது.

கிளம்புவதிலும் நியாயம் உண்டு. கதிரியக்கத் தூசி வெளியேறும் முன்பே மக்களை அப்புறப்படுத்த முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அன்றைய சோவியத் யூனியனின் செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் அணு உலை வெடித்தது. பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரைக் காலி செய்தது மறுநாள் பிற்பகலில். அதுவரை மக்களை உள்ளே இருக்கவும் சொல்லவில்லை, பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

எங்களை முடிவெடுக்க வைத்தது காற்று. தூசி வட்டம் போட்டுப் பரவுவதில்லை, காற்று போகும் பக்கம் போகும், மழை பெய்யும் இடத்தில் இறங்கும். ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தில், 2011 மார்ச் 12-இல் பக்கத்து நமியே ஊர் மக்கள் உலையை விட்டு விலகி, வடமேற்கே சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். 15-ஆம் தேதி காற்று அந்தப் பக்கமே திரும்பியது; மழையும் பனியும் தூசியை அங்கேயே இறக்கின. தூசி எங்கே போகும் என்று கணித்த அரசின் கணினித் தகவல் அவர்கள் கைக்கு வரவில்லை. ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளியிருந்த ஈதாத்தே கிராமத்தையும் பிறகு காலி செய்ய வேண்டியதாயிற்று.

எங்கள் ஊரிலும் காற்று நம்பும்படி இருக்காது. பகலில் கடற்காற்று ஊருக்குள் வரும், இரவில் நிலக்காற்று கடல் பக்கம் போகும். இதைக் கணிக்கக் கருவி வைத்திருப்பவர்கள் சொல்லாமல் நாமாக ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தால், தூசி போகும் வழியிலேயே போய்ச் சேரலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எல்லோரும் ஒன்றாக இறங்கினால் வண்டி நகராது. தூசியிலிருந்து வரும், எதையும் ஊடுருவக்கூடிய காமா கதிரைக் காரின் மெல்லிய தகடு தடுக்கவும் தடுக்காது. சுமார் 6 செ.மீ. கான்கிரீட் அதைப் பாதியாகக் குறைக்கும், 12 செ.மீ. என்றால் கால்வாசியாகும். அதனால் தரைத்தளத்தில், வெளிச்சுவரிலிருந்து தள்ளியிருக்கும் நடு அறைதான் எங்கள் இடம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். புகுஷிமா உலைக்குப் பக்கத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து அவசர அவசரமாகக் கொண்டுபோனதில் முதிய நோயாளிகள் பலர் இறந்துபோனார்கள்.

இதெல்லாம் கான்கிரீட் வீட்டுக்கு. கூரை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு என்றால் என் பேச்சு பொருந்தாது. பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடமோ மாடி வீடோ பார்த்து ஒதுங்குவது நல்லது. உள்ளே இருப்பதும் ஓரிரு நாளைக்குத்தான். ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும். மண்ணில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் படிந்துவிட்டால் அது பாதியாகவே 30 ஆண்டு ஆகும், அந்த இடத்தை விட்டுப் போகத்தான் வேண்டும். எங்களுக்கு இதில் அனுபவம் ஒத்திகை அளவுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றவை சுருக்கமாக. வெளியே இருந்து வந்தவர் வாசலிலேயே உடையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் குளித்தால் ஒட்டிய தூசியில் பெரும்பகுதி போய்விடும். ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டையும் நிறுத்த வேண்டும். வெளியில் மேய்ந்த மாட்டுப் பால் வேண்டாம். செர்னோபிலில் பிள்ளைகளின் தைராய்டுக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் போய்ச் சேர்ந்த முக்கிய வழி பால்தான். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை அந்தக் கதிரியக்க அயோடின் தைராய்டில் சேர்வதை மட்டும் தடுக்கும், அதையும் அதிகாரிகள் சொன்ன பிறகே போட வேண்டும். அயோடின் உப்பு அதற்கு ஈடாகாது. பெரியவர் ஒருவரின் ஒரு வேளை மாத்திரை அளவுக்குக் கிலோக் கணக்கில் உப்பு தின்ன வேண்டியிருக்கும்.

அப்புறம், பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். கிளம்பச் சொல்லும்போது எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்; மின்சாரம் போனாலும் அது காதில் விழ வேண்டும்.